ஜன்னலில் தொங்கிய போர்வை

தலைவருக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. கண் போய் இரண்டு வருஷமாகிறது. வாய் மட்டும் முப்பது வயதிலேயே நின்றுகொண்டிருக்கிறது. ஆலை வாசலில் ஒலிபெருக்கி இல்லாமல் மூவாயிரம் பேருக்குக் கேட்கப் பேசிய வாய் அல்லவா, அது எதற்குக் கிழடாக வேண்டும்? இப்போது தினமும் காலை ஒன்பது மணிக்கு அவர் மாடி ஜன்னலோரம் மர நாற்காலியில் சாய்ந்துகொண்டு தன் வாழ்க்கைக் கதையைச் சொல்வார். எதிரில் உட்கார்ந்து எழுதுகிறவள் அவருடைய மனைவி.

அவளுக்கு எழுபத்தேழு. முப்பத்தாறு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தவள். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவள் ப்ரூஃப் அம்மா. கட்சிக்காரர்கள் வந்தால் தலைவர் அவளைத் "தோழர்" என்பார். யாரும் இல்லாதபோதும் "தோழர், ஒரு டீ" என்பார். கல்யாணமாகி ஐம்பத்தெட்டு வருஷத்தில் உலகத்தில் எத்தனையோ புரட்சிகள் வந்து போயின. இந்த வீட்டில் எந்தத் தோழர் டீ போடுவது, எந்தத் தோழர் குடிப்பது என்பதில் மட்டும் ஒன்றும் மாறவில்லை.

தொண்ணூறாவது பிறந்தநாளுக்குக் கட்சி அந்தப் புத்தகத்தை வெளியிடப் போகிறது. மாவட்டச் செயலாளர் சனிக்கிழமைதோறும் ஸ்கூட்டரில் வந்து, முடிந்த பக்கங்களை வாங்கிப் போவார். அதற்கு ஒரு முறை உண்டு. எழுதியதை அவள் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். தலைவர் கேட்டுச் சரி என்றால் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போடுவார். ஒரு காலத்தில் ஆலை நிர்வாகம் வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கித் தொழிலாளிகளை ஏமாற்றியபோது அவர் கொண்டுவந்த பழக்கம் அது. வாசிக்காத தாளில் கையெழுத்துப் போடாதே, கையெழுத்தில்லாத தாளை நம்பாதே. சங்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது மனப்பாடம். கார்பன் தாள் வைத்து அவள் இரண்டு பிரதி எழுதுவாள்; இரண்டிலும் கையெழுத்து உண்டு.

பதினெட்டு அத்தியாயம் இப்படி ஓடியது. பத்தொன்பதாவது மட்டும் வராமலே இருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அது தலைவர் கைதான கதை. அதில் அவளுடைய அண்ணன் வருவான், துரோகியாக.

ஆறு மாதத்துக்கு முன்பு தலைவரைக் கண் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, தலைமை நர்ஸ் ஒருத்தி நான்கு நாளும் வந்து மருந்து ஊற்றிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாள். ஐந்தாம் நாள் வராந்தாவில் ப்ரூஃப் அம்மாவை நிறுத்தி, "நான் கம்போசிட்டர் பொண்ணு, அத்தை" என்றாள். அண்ணன் மகளை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயதுப் பெண். அண்ணனுடைய அதே அகன்ற நெற்றி.

"புத்தகம் எழுதுறாராமே. எங்கப்பாவைப் பத்தி நல்லதா எதுவும் போட வேண்டாம். அந்த வார்த்தையைப் போடாதீங்க, அது போதும். என் மக காலேஜ் போறா. தாத்தா யாருன்னு கேக்குறா. நான் என்னத்தைச் சொல்றது?"

"போடவிட மாட்டேன்மா" என்று அவள் அந்த வராந்தாவில் வாக்குக் கொடுத்தாள். தன் அண்ணன் துரோகி இல்லை என்று நம்பி அல்ல. நாற்பத்தைந்து வயது மருமகள் ஒருத்தி இருப்பதே தெரியாமல் வாழ்ந்துவிட்டோமே என்கிற வெட்கத்தில் கொடுத்தாள்.

நடந்தது இதுதான். கட்சிக்குத் தடை விழுந்திருந்த காலம். தலைவர் தலைமறைவு. அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். அண்ணன் வாடகைக்குப் பிடித்திருந்த இதே மாடி வீட்டில், அண்ணனோடு இருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே அச்சகத்தில் வேலை. அண்ணன் கம்போசிட்டர், எழுத்துக் கோப்பான்; அவள் பிழை பார்ப்பாள். தலைவர் எப்போதாவது வந்து ஒரு வேளை சாப்பிட்டுப் போவார். அதற்கு ஓர் அடையாளம் வைத்திருந்தார்கள். தெருவில் போலீஸ் நடமாட்டம் இருந்தால் அண்ணன் தெருப்பக்க ஜன்னலில் கோடுபோட்ட போர்வையைத் தொங்கவிட வேண்டும். சும்மா தொங்கவிட்டால் எதிர்வீட்டுக்குச் சந்தேகம் வரும் என்று அதைத் தண்ணீரில் முக்கித்தான் போடுவான். துவைத்துக் காயப்போட்டதுபோல் இருக்கும். தெருமுனைத் தண்ணீர்க் குழாயடியில் நின்று பார்த்தால் போர்வை தெரியும். தெரிந்தால் திரும்பிப் போய்விட வேண்டும்.

அன்று சாயங்காலம் அவள் அச்சகத்தில் இருந்தாள். வேலை முடிந்து வந்தபோது கதவு பெயர்ந்து கிடந்தது. பாத்திரம், பெட்டி, படுக்கை எல்லாம் அறை நடுவில் குவிந்து கிடந்தன. போர்வையும் அந்தக் குவியலில்தான் கிடந்தது. அது ஈரமா என்று தொட்டுப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. தலைவரையும் அண்ணனையும் கொண்டுபோயிருந்தார்கள். பத்தே நாளில் அண்ணனை விட்டுவிட்டார்கள். தலைவருக்கு நாலு வருஷம் தண்டனை. "மத்தவங்களுக்கெல்லாம் வருஷக்கணக்கு, அவனுக்கு மட்டும் பத்து நாளா?" என்று ஒரு வாய் கேட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கட்சி விசாரணை வைத்தது. "போர்வையைத் தொங்கவிட்டேன். சொட்டச் சொட்டத் தொங்கவிட்டேன்" என்றான் அண்ணன். சிறையிலிருந்து தலைவரின் வாக்குமூலம் சின்னத் துண்டுக் காகிதத்தில் வந்தது. "ஜன்னலில் குறி எதுவும் இல்லை." இரண்டில் ஒன்று பொய். கம்போசிட்டர் சொல்லா, தலைவர் சொல்லா? அந்தக் கேள்விக்கு விடை சொல்ல விசாரணைக் குழு எதற்கு, தெருநாயே சொல்லிவிடும். விசாரித்தவர் ஓர் இன்ஜின் டிரைவர். தெருவில், சங்க நோட்டீஸ் போர்டு முன்னால் எல்லாரையும் கூட்டி வைத்து, ரயில் சத்தத்திலும் கேட்கிற தன் குரலில், துரோகி என்று தீர்ப்பை வாசித்தார்.

அவளும்தான் நம்பினாள். அண்ணன் தன் சாமான்களை எடுத்துப்போக வந்தபோது அவனுடைய தகரப் பெட்டியைக் கீழ்ப்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, மேல்படியில் நின்று, "ஏறாதே" என்றாள். அவன் வாடகை கொடுத்த வீட்டில் நின்றுகொண்டு அவனிடமே சொன்னாள். அவன் நிமிர்ந்து பார்த்து, "சொட்டிக்கிட்டு இருந்துச்சும்மா. வாசலுக்கு நேர் மேலே. அவர் மேலேயே சொட்டியிருக்கும்" என்றான். அவள் கதவைச் சாத்தினாள். பிறகு வேறு ஊரில் ஏதோ அச்சகத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரிக்காமல் திருப்பி அனுப்பினாள். ஐம்பத்து நாலு வயதில் செத்தான். போகவில்லை.

வியாழக்கிழமை காலை பத்தொன்பதாவது அத்தியாயம் தொடங்கியது. எப்படியாவது பேசி அந்த ஒரு வார்த்தையைத் தவிர்க்க வைத்துவிடலாம் என்று அவள் முந்தின நாளே தீர்மானித்திருந்தாள். தலைவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். பழைய கதையில் அவருக்கு இப்போது கண் தெரிந்தது.

"எழுதிக்கோ. மூணு நாள் நடை. செருப்பு அறுந்துபோச்சு. ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் சணல் கயிறு. தெருமுனைக் குழாயடியில் வந்து முகம் கழுவினேன். வானம் பளிச்சுன்னு இருந்துச்சு. மேகம் ஒரு பொட்டு இல்லை. கீழே பூட்டுக் கடைக்காரன் கடையை எடுத்து வச்சுட்டு இருந்தான். நான் பாட்டுக்கு வந்து வாசலில் கால் வச்சேன் பாரு, பிடரியில் சில்லுன்னு ஒரு சொட்டுத் தண்ணி. இன்னைக்கும் அந்தச் சில்லிப்பு அப்படியே இருக்கு. அதைப் போடு, நல்லா இருக்கும்."

எழுதிக்கொண்டு வந்த அவள் நிறுத்தினாள்.

"மேகமே இல்லைன்னீங்களே."

"ஆமா."

"அப்புறம் தண்ணி எங்கேருந்து?"

"மேலேருந்துதான். உங்கண்ணன் அந்தப் போர்வையை…"

அவ்வளவுதான். மூவாயிரம் பேரைக் கட்டிப்போட்ட வாய் பாதியில் நின்றது. கீழே பூட்டுக் கடையில் யாரோ சாவி அராவுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

எழுதிய வரியை அவள் இன்னொரு தடவை படித்தாள். பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். முப்பத்தாறு வருஷம் ஊரார் பிழையெல்லாம் தேடித் தேடித் திருத்தியவள். சொந்த வீட்டில் ஐம்பத்தேழு வருஷமாக நின்ற பிழை கண்ணில் படவில்லை.

"பார்த்தீங்க" என்றாள்.

"அந்த வரியை அடிச்சிடு."

"குழாயடியிலேயே பார்த்தீங்களா, இல்லையா?"

"அடிச்சிடுன்னு சொல்றேன்ல."

"பார்த்தீங்களா?"

தலைவர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். "பசி. மூணு நாள் பசி உனக்குத் தெரியுமா? அதுவும் இல்லாம உங்கண்ணன் எதுக்கெடுத்தாலும் போர்வையைத் தொங்கவிடுறவன். ஒரு தடவை தபால்காரனைப் பார்த்துத் தொங்கவிட்டான். இன்னொரு தடவை குழாய் ரிப்பேர்க்காரனைப் பார்த்து. அதே மாதிரிதான்னு நினைச்சேன்."

"சரி, நினைச்சீங்க. உள்ளே வந்தீங்க. மாட்டினீங்க. அது தப்பு. மனுஷன்னா தப்புப் பண்ணுவான். அப்புறம் குறி எதுவும் இல்லைன்னு எழுதிக் கொடுத்தீங்களே, அது என்ன? அதுவும் பசியா?"

"கட்சி இருந்த நிலைமையில தலைமை மேலே ஒரு கறை விழுந்தா…"

"அதனால எங்கண்ணன் மேலே விழட்டும்னு விட்டீங்க."

"ஒரு தனி மனுஷனா, இயக்கமான்னு வரும்போது…"

"நிறுத்துங்க!" அவள் இந்த வீட்டில் இப்படி ஒருநாளும் கத்தியதில்லை. கீழே சாவி அராவுகிற சத்தம் நின்றது. "இயக்கமாம், இயக்கம்! தலைமறைவா இருக்கிறவங்களுக்குன்னு அந்தப் பன்னிரண்டு விதி சுற்றறிக்கை யார் எழுதினது? நாலாவது விதி என்ன? நீங்க மறந்திருப்பீங்க, நான் மறக்கலை. எங்கண்ணன் கோத்தான், நான் பிழை பார்த்தேன். 'அபாயக் குறியைக் கண்ட பிறகும் வீட்டுக்குள் நுழைபவர், அவர் யாராக இருந்தாலும், கட்சிக்குத் துரோகம் செய்தவர்.' யாரா இருந்தாலும்னு போட்டது நீங்க. அப்போ துரோகி யாரு?"

தலைவர் சமாதானமான குரலில், "தோழர், எல்லாரும் செத்துட்டாங்க. இப்பப் போய் யாருக்கு என்ன லாபம்?" என்றார்.

எல்லாரும் சாகவில்லை. ஒருத்தி நாலு நாள் இவர் கண்ணில் மருந்து ஊற்றியிருக்கிறாள். அதைச் சொல்லாமல் அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். குழாயடி வரை நடந்து போய்த் திரும்பி நின்று பார்த்தாள். ஐம்பத்தேழு வருஷத்தில் ஆயிரம் தடவை இந்தக் குழாயடியைத் தாண்டிப் போயிருப்பாள். ஒரு தடவைகூட நின்று திரும்பிப் பார்த்ததில்லை. ஜன்னல் தெரிந்தது. ஜன்னல் கம்பி தெரிந்தது. கம்பியில் அவள் காயப்போட்டிருந்த கைக்குட்டைகூடத் தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்பார்கள். இவர் ஒரு முழுப் போர்வையை மறைத்திருக்கிறார், அதுவும் ஊரையே கூட்டி உட்கார வைத்துப் பந்தி பரிமாறி. அந்தப் பந்தியில் முதல் ஆளாய் உட்கார்ந்து தின்றவள் தான்தான் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்னையே அறைய வேண்டும்போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் பேசவில்லை. பத்தொன்பதாவது அத்தியாயத்தை அவள் தானே உட்கார்ந்து படியெடுத்தாள். அவர் வாயால் சொன்னதைத் தவிர ஒரு சொல் சேர்க்கவில்லை. கேட்ட கேள்வியை விட்டுவிட்டு, சொன்ன பதிலையெல்லாம் வரிசையாக எழுதினாள். குழாயடி, பளிச்சென்ற வானம், பிடரியில் சொட்டு, போர்வை, பசி, தபால்காரன், தலைமையின் கறை. மெனக்கெட்டுப் பெரிய எழுத்தில், கார்பன் வைத்து, அழுத்தி எழுதினாள்.

சனிக்கிழமை காலை வீட்டிலிருந்த பெரிய போர்வையை வாளியில் முக்கினாள். பழைய கோட்டுப் போர்வை என்றோ கிழிந்து போயிருந்தது. இது நீலம். ஈரத்தில் அது கல்லாய்க் கனத்தது. அரை மணி நேரம் மூச்சுவாங்கித்தான் ஜன்னல் கம்பியில் ஏற்ற முடிந்தது. தலைவருக்குக் காது கூர்மை. "என்ன சத்தம் அது?" என்று இரண்டு தடவை கேட்டார். "துணி" என்றாள்.

பத்து மணிக்குச் செயலாளர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மேலே வந்தார். நாற்பது வயது, வேகமான ஆள். பிடரியைத் துடைத்துக்கொண்டே, "என்னம்மா, வாசல்ல வரும்போதே மேலே சொட்டுது?" என்று சிரித்தார்.

நாற்காலியில் தலைவரின் முகம் அப்படியே இறுகிப்போனதை அவள் பார்த்தாள்.

"பக்கம் தயாரா இருக்கு தம்பி. முதல்ல நீங்க படிங்க" என்று நீட்டினாள்.

செயலாளர் நின்றுகொண்டே படித்தார். பாதியில் உட்கார்ந்தார். முடித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனார். "தலைவரே, இது…"

"நான் கையெழுத்துப் போடலை" என்றார் தலைவர். "கையெழுத்தில்லாத தாள் செல்லாது."

செயலாளருக்கு உயிர் வந்தது. அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, உங்க மனசு புரியுது. நான் தப்புன்னு சொல்லலை. ஆனா ரெண்டு மாசத்துல தேர்தல். எதிர்த்தரப்புக்காரனுக்கு மெல்ல அவல் கிடைச்ச மாதிரி ஆயிடும். இப்போ இந்த அத்தியாயத்தைச் சுருக்கமா விட்டுடுவோம். ரெண்டாம் பதிப்புல பார்த்துச் சேர்த்துக்கலாம்."

"எங்கண்ணனுக்கு ரெண்டாம் பதிப்பு கிடையாது தம்பி."

செயலாளர், பேச்சை மாற்றக் கிடைத்த சாக்காக, "இன்ஜின் தோழர் முன்னுரை விஷயமா வரேன்னாரு. வழியில பார்த்தேன், பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்துட்டு இருந்தார். இன்னும் காணோமே" என்று எழுந்து, போர்வையை விலக்கி எட்டிப் பார்த்தார். "அதோ, குழாயடியிலேயே நிக்கிறாரே. கால் வலியோ என்னவோ."

"கால் வலி இல்லை" என்று அவள் சொன்னாள்.

அவளும் எட்டிப் பார்த்தாள். அதே இன்ஜின் டிரைவர்தான். எண்பத்தைந்து வயது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு குழாயடியில் நின்று இந்த ஜன்னலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அடி முன்னே வைக்கவில்லை. செயலாளருக்கு அந்த விதி தெரியாது, விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டார். இன்ஜின் டிரைவருக்குத் தெரியும். கிழவருக்குப் பேரன்கள் பெயர்கூட மறந்துபோகிறது என்று சொல்வார்கள். இது மறக்கவில்லை.

"என்னம்மா, போர்வை தொங்குது?" என்று அங்கிருந்தே கேட்டார். குரல் மட்டும் இன்னும் ரயில்தான்.

"தெரியுதா?" என்று இவளும் கத்தினாள்.

"தெரியுதே!"

"நல்லாத் தெரியுதா?"

"கண்ணாடி போடாமலே தெரியுதும்மா! என்ன ஆச்சு? தலைவருக்கு ஏதாவது…"

"அன்னைக்கும் இப்படித்தான் தொங்குச்சு! எங்கண்ணன் தொங்கவிட்டான்! நீங்க இல்லைன்னு தீர்ப்பு எழுதினீங்க!"

பூட்டுக் கடைக்காரர் வெளியே வந்து மேலே பார்த்தார். எதிர்வீட்டில் கதவு திறந்தது. செயலாளர் "அம்மா, அம்மா, தெரு" என்று பின்னால் தவித்தார். தெருதான். தெருவில் வைத்துத்தானே அவனைத் துரோகி என்றார்கள்? அறைக்குள் கிசுகிசுத்துக் கழுவிவிட முடியுமா அதை?

கிழவர் கைத்தடியை ஜன்னல் பக்கம் நீட்டினார். "தலைவர் இல்லைன்னு எழுதிக் கொடுத்தாரும்மா."

"இருந்துச்சுன்னு முந்தாநாள் அவர் வாயாலேயே சொன்னார்!"

குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகிக் கிழவர் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

உள்ளே தலைவர், "அவனை மேலே வரச் சொல்லு. நான் பேசிக்கிறேன்" என்றார்.

"வரமாட்டார். போர்வை தொங்குற வீட்டுக்குள்ள விதி தெரிஞ்சவங்க வரமாட்டாங்க. விதி எழுதினவர் மட்டும்தான் வருவார்."

"அப்போ அதை எடு."

"கையெழுத்துப் போடுங்க. எடுக்கிறேன்."

"என்னை மிரட்டுறியா?"

"ஆமா."

செயலாளர் அவரையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார். தலைவர் தன் பார்வையில்லாத கண்களை ஜன்னல் பக்கம் திருப்பினார். போர்வையிலிருந்து ஒவ்வொரு சொட்டாக வாசல் கல்லில் விழுகிற சத்தம் அவருக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"வாசி."

அவள் ஜன்னலோரம் நின்று வாசித்தாள். அவருக்கு மட்டும் கேட்கும்படி வாசிக்கவில்லை. பூட்டுக் கடைக்கும் எதிர்வீட்டுக்கும் குழாயடிக்கும் கேட்கும்படி, அண்ணன் கோத்த எழுத்தை மேஜையில் வைத்துப் பிழை பார்த்த நாளில் வாசித்ததுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். பசி என்று வந்த இடத்தில் தலைவர் கையை உயர்த்தினார்.

"அதை அடி. பசி இல்லை."

"பின்னே?"

"எழுது." குரல் கரகரத்தது. "குழாயடியில நின்னு பார்த்தேன். நிஜமாவே போலீஸ் இருக்கலாம்னு தெரிஞ்சுது. ஆனா ஒரு கம்போசிட்டர் துணியைத் தொங்கவிட்டா நான் திரும்பிப் போகணுமான்னு தோணுச்சு. அவன் யாரு எனக்குச் சொல்றதுக்குன்னு தோணுச்சு. அதான் காரணம். வேற ஒண்ணும் இல்லை."

செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். உழைக்கிறவன் சொல்தான் கடைசிச் சொல் என்று அறுபது வருஷம் மேடை மேடையாய்ப் பேசிய மனுஷன். பசியை அடித்துவிட்டு அவள் அதை இரண்டு பிரதியிலும் எழுதினாள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என் அண்ணன் துரோகிப் பட்டத்தோடு செத்தான் என்று நினைக்க நினைக்க ஆத்திரம் பொங்கியது. அவருடைய விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினாள். இரண்டு பிரதியிலும், ஒவ்வொரு பக்கத்திலும், கோணல் மாணலாகக் கையெழுத்து விழுந்தது.

பிறகு போர்வையை உள்ளே இழுத்தாள். தண்ணீர் கொட்டி அவள் சேலையெல்லாம் நனைந்தது. செயலாளர் உதவிக்கு வந்தார். வேண்டாம் என்றுவிட்டாள். அன்று அண்ணனும் ஒற்றை ஆளாகத்தான் இதைத் தூக்கியிருப்பான். இந்த மனுஷன் உயிரோடு இருக்க வேண்டும் என்று தூக்கியிருப்பான். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நின்ற இடத்திலேயே, ஈரப் போர்வையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டே அழுதாள். யாரும் அவளைத் தொடவில்லை.

அச்சுக்குப் போகிற பிரதியைச் செயலாளர் கையில் வைத்து, "ஒரு எழுத்து மாறினாலும் நான் தெருவில நின்னு வாசிப்பேன், தம்பி" என்றாள். கார்பன் பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"தோழர்" என்றார் தலைவர். "இன்ஜின் மேலே வருவான். ஒரு டீ…"

"அடுப்பு அங்கேதான் இருக்கு. தம்பி போடுவார். இல்லேன்னா நீங்க போடுங்க."

படியிறங்கி வெயிலில் நடந்தாள். குழாயடியில் கிழவர் அப்படியே நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. "நான் விசாரிச்சிருக்கணும்மா. இங்கே வந்து ஒரு தடவை நின்னு பார்த்திருக்கணும்" என்றார். ஆமாம், பார்த்திருக்க வேண்டும். அவளும்தான் பார்த்திருக்க வேண்டும்.

"எங்கேம்மா போறே?"

"கண் ஆஸ்பத்திரிக்கு. அண்ணன் பொண்ணு அங்கே நர்ஸ். இப்போ பகல் ட்யூட்டி." பையிலிருந்து பிரதியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "நோட்டீஸ் போர்டு முன்னாடி நின்னு ஒரு தாள் வாசிச்சீங்களே, அதே குரல்ல இதை அவகிட்ட வாசிங்க. வார்டுக்கே கேக்கணும்."

கிழவர் சட்டைப் பையைத் தடவினார். "கண்ணாடி எடுத்துட்டு வரலையேம்மா."

"பெருசாத்தான் எழுதியிருக்கேன். நடங்க."